பின்னாடி யாரோ வர்றாங்க!

‘‘ஏன் கண்ணு, இந்த ரெண்டு டப்பாவும் சும்மாதான நிக்குது? எடுத்து அக்கட்டால வெச்சா நான் துணி மடிச்சு வைப்பேன்ல?’’

அம்மா கேட்டது என்னோட சரவுண்ட் ஸ்பீக்கர்களைப் பத்தி பாஸ்! தீபாவளி ஆஃபர்ல பத்தாயிரத்துச் சொச்சம் எண்ணிக் கொடுத்து வாங்கின 5.1 சவுண்ட்பார். டிவிக்குக் கீழ ஒரு நீள பார், மூலைல ஒரு சப்-ஊஃபர், சோபாவுக்குப் பின்னாடி ரெண்டு குட்டி ஸ்பீக்கர். வாங்கி மூணு நாள் ஆச்சு. ஆனா, அம்மா சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. பின்னாடி ரெண்டும் ஜோடியா நின்னு வேடிக்கை மட்டும்தான் பார்த்துச்சு!

நம்ம புரொஃபைல்... இ.சி.இ மூணாவது வருஷம், வயசு இருபது, ஊரு கோவை பக்கத்துல சோமனூர். வீட்டை ஒட்டியே தறி ஷெட். அப்பாவுக்கு ஆறு விசைத்தறி. பாவு வாங்கி வந்து கூலிக்கு ஓட்டறார். நான் பொறந்ததுல இருந்து கேட்ட முதல் மியூஸிக்கே ‘டடக்கு டடக்கு’தான். சவுண்ட்பார் கதைக்கு எதுக்கு இந்த பயோடேட்டானு கேட்கறீங்களா? காரணம் இருக்கு. கடைசில சொல்றேன்.

பெங்களூர்ல வேலை கிடைச்சுக் கிளம்பின சீனியர் அண்ணன் ஒருத்தர், தன்னோட பழைய பிளேஸ்டேஷன் 4-ஐ என்கிட்ட பாதி விலைக்குத் தள்ளிட்டுப் போனார். கூடவே 2020-ல வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ டிஸ்க். அந்த கேம்ல ‘கிளிக்கர்’னு ஒரு ஜந்து உண்டு. கண்ணு தெரியாது. வவ்வால் மாதிரி ‘டக் டக் டக்’னு சத்தம் விட்டு, எதிரொலியை வெச்சுத்தான் நம்மளைத் தேடும். அது எங்க நிக்குதுனு நாமளும் காதால கண்டுபிடிக்கணும். பின்னாடி வர்ற சத்தம் பின்னாடியே கேட்டாத்தான் உசுரு மிஞ்சும். எனக்கு எல்லாச் சத்தமும் முன்னாடி இருந்தே வந்துச்சு. விளைவு? ஒரே ராத்திரில பதினாலு தடவை கழுத்தைக் கடி வாங்கிச் செத்தேன்!

சங்கிலியில் எந்தக் கண்ணி?

முதல் நாள் பண்ணினது முழுக்கச் சோம்பேறித்தனம். ஒயரே வேணாம்னு டிவியையும் சவுண்ட்பாரையும் புளூடூத்ல கோத்து விட்டேன். துப்பாக்கி வெடிச்சு, ஆளு விழுந்து, அதுக்கப்புறம்தான் ‘டுமீல்’ வருது! சாதாரண புளூடூத்ல சத்தம் 100, 200 மில்லி செகண்டு கூட லேட்டாகும். பாட்டு கேட்க ஓ.கே. கேமுக்கு ஆகாது. அதுவும் இல்லாம புளூடூத்ல போறது பெரும்பாலும் ரெண்டே சேனல். இடது, வலது... அவ்ளோதான்.

ரெண்டாவது நாள், எச்.டி.எம்.ஐ கேபிள். டிவில ‘ஏ.ஆர்.சி’னு எழுதியிருக்கற ஓட்டைல இருந்து சவுண்ட்பாருக்கு இழுத்தேன். 2009-ல எச்.டி.எம்.ஐ 1.4-ல வந்த வசதி இது. டிவிக்கு உள்ள போற கேபிள்லயே சத்தம் திரும்ப வெளிய வரும். லேட் பிரச்னை போச்சு. ஆனா, பின்னாடி ஸ்பீக்கர் ரெண்டும் அதே மௌன விரதம்.

மூணாவது நாள்தான் ரிமோட்டைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு பேப்பர் எடுத்தேன். கன்சோல், டிவி, சவுண்ட்பார், காது... நாலு கட்டம், நடுவுல அம்புக்குறி. லேப்ல சர்க்யூட் வேலை செய்யலைனா மேடம் சொல்ற அதே வைத்தியம். ‘‘குத்துமதிப்பா திருகாதே, ஒவ்வொரு ஸ்டேஜா அளந்து பாரு!’’

அளந்ததுல சிக்கிச்சு. பிளேஸ்டேஷன் சத்தத்தை ‘லீனியர் பி.சி.எம்’ல அனுப்பிட்டு இருந்துச்சு. அதாவது சுருக்காத, மடிக்காத முழுச் சத்தம். ஒரு செகண்டுக்கு 48,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்ல எழுதினா, ரெண்டு சேனலுக்கே செகண்டுக்கு 15 லட்சம் பிட் ஆகுது. 5.1-னா ஆறு சேனல், கிட்டத்தட்ட 46 லட்சம். ஏ.ஆர்.சி வழியில பி.சி.எம் போகணும்னா ரெண்டு சேனலுக்குத்தான் இடம். பைக்ல ரெண்டு பேர் போகலாம், ஆறு பேர் போக முடியுமா?

அப்ப ஆறு பேரையும் எப்படி அனுப்பறது? மடிச்சு! டால்பி டிஜிட்டல் அந்த ஆறு சேனலையும் செகண்டுக்கு அதிகபட்சம் 6 லட்சத்து 40 ஆயிரம் பிட்டுக்குள்ள சுருக்கிடும். அந்தப் பொட்டலம் ஏ.ஆர்.சி-ல ஜம்முனு போகும். ஆக, ரெண்டே ரெண்டு இடத்துல மாத்தினேன். பிளேஸ்டேஷன் 4-ல செட்டிங்ஸுக்குப் போய் ஆடியோ ஃபார்மட்டை ‘பிட்ஸ்ட்ரீம் டால்பி’னு வெச்சேன். டிவில டிஜிட்டல் அவுட்புட் ‘பி.சி.எம்’னு இருந்ததை ‘பாஸ்த்ரூ’ ஆக்கினேன். சவுண்ட்பாரோட குட்டி டிஸ்ப்ளேல ‘பி.சி.எம்’ மறைஞ்சு ‘டால்பி’னு எழுத்து ஓடுச்சு பாருங்க... கேம்பஸ்ல செலெக்ட் ஆன ஃபீலிங்!

இதுல என்னை ரொம்பக் கடுப்பேத்தின விஷயம் ஒண்ணு இருக்கு. மூணு நாளும் எந்த எரர் மெசேஜும் வரலை. டிவி கன்சோல்கிட்ட ‘எனக்கு ரெண்டு சேனல்தான் தெரியும்’னு சொல்லியிருக்கு. கன்சோலும் ‘சரிங்க’னு ஆறை ரெண்டாக் கலந்து கொடுத்திருக்கு. சவுண்ட்பாரும் ‘சரிங்க’னு வாங்கி முன்னாடியே வாசிச்சிருக்கு. ஆளாளுக்குத் தலையாட்டிட்டாங்க, நடுவுல நாலு சேனல் காணாமப் போனதை யாருமே சொல்லலை. இந்தத் தலையாட்டலை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்பி வருவோம்.

நீங்களும் செட் பண்றீங்களா?

ஹாஸ்டல் ரூம்ல இதே மல்லுக்கட்டு நடத்தற மக்களுக்காகச் சின்ன டிப்ஸ்...

* எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரீஸ் எக்ஸ், எஸ் வெச்சிருந்தா ஆடியோ செட்டிங்ஸ்ல ‘பிட்ஸ்ட்ரீம் அவுட்’ போட்டு, அதுக்குள்ள டால்பி டிஜிட்டலைத் தேர்ந்தெடுங்க. பிளேஸ்டேஷன் 5-லயும் டால்பியை நாமதான் மாத்தணும். அதுல டால்பி அட்மாஸ் வந்தது 2023 அப்டேட்லதான்.

* 2017-ல வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 5.1 சத்தத்தை பி.சி.எம்-ல மட்டும்தான் தரும், டால்பியா மடிச்சுத் தராது. அதனால, சாதா ஏ.ஆர்.சி-ல அது ஸ்டீரியோதான். 2017-ல அறிவிச்ச எச்.டி.எம்.ஐ 2.1-ல வந்த ‘இ-ஏ.ஆர்.சி’ இருந்தா கவலையே இல்ல. செகண்டுக்கு 3 கோடியே 70 லட்சம் பிட் வரைக்கும் தாங்கும், எட்டு சேனல் மடிக்காமலே போகும். டிவி, சவுண்ட்பார் ரெண்டுலயும் அது இருக்கணும்கறது முக்கியம். இல்லைனா, சவுண்ட்பார்லயே எச்.டி.எம்.ஐ இன்புட் இருக்கானு பாருங்க. கன்சோலை நேரா அதுல சொருகிட்டா டிவியோட பஞ்சாயத்தே கிடையாது.

* ஆப்டிக்கல் கேபிளும் பழைய ஏ.ஆர்.சி மாதிரிதான். டால்பி, டி.டி.எஸ் பொட்டலம் போகும். மடிக்காத 5.1 போகாது. சில டிவிகள் டி.டி.எஸ்-ஐக் கடத்தாது. அதனால முதல்ல டால்பியை ட்ரை பண்ணுங்க.

* பின் ஸ்பீக்கரை மூலைல தூக்கிப் போடாதீங்க. நீங்க உட்கார்ற இடத்துக்கு ரெண்டு பக்கமும், தோளுக்குக் கொஞ்சம் பின்னாடி, காது உயரத்துல இருக்கணும். கணக்கா சொன்னா, நேர் முன்னாடி பூஜ்யம் டிகிரினா இடமும் வலமும் சுமார் 110 டிகிரி.

* மடிச்சு விரிக்கறதுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். டிவியை ‘கேம் மோட்’ல வெச்சா படம் லேட்டாகறது குறையும். சத்தம் முன்னப்பின்ன இருந்தா, சவுண்ட்பார்ல ‘ஆடியோ டிலே’யைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாங்க.

‘‘நிறுத்திட்டயா கண்ணு?’’

சரி, கதைக்கு வருவோம். அன்னிக்கு ராத்திரி கிளிக்கர் என் இடது தோளுக்குப் பின்னாடி ‘டக் டக்’னுச்சு. சத்தியமா திரும்பிப் பார்த்துட்டேன் பாஸ்! ஜிலீர்னு ஆயிருச்சு. இந்த சந்தோஷத்தை உடனே யார்கிட்டயாவது காட்டணுமே... தறியை நிறுத்திட்டுச் சாப்பிட வந்த அப்பாவை இழுத்துட்டு வந்து சோபா நடுவுல உட்கார வெச்சேன்.

‘‘கேக்குதுங்ளாப்பா? பின்னாடி வருது பாருங்க!’’

‘‘ம்... கேக்குது கேக்குது. நல்லாருக்குது’’னார் சிரிச்சுட்டே.

ஆனா, திரும்பலை. என் உடம்பே சிலிர்த்துக்கிட்ட சத்தத்துக்கு அவர் கழுத்து ஒரு இஞ்ச் கூட அசையலை. ஏதோ இடிச்சுது. பென்டிரைவ்ல இருந்த 5.1 டெஸ்ட் ஃபைலைப் போட்டேன். ஒவ்வொரு ஸ்பீக்கரா சத்தம் வரும். ‘‘எந்தப் பக்கம்னு கை காட்டுங்ப்பா’’னேன். பின் இடது வந்தப்ப டிவியைக் காட்டினார். பின் வலது வந்தப்பவும் டிவியைத்தான் காட்டினார். முகத்துல அதே சிரிப்பு.

ஸ்பீக்கர் மேலதான் முதல்ல சந்தேகப்பட்டேன். ஒயரைக் கழட்டி மாட்டினேன். அப்புறம் ஃபோன்ல ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு சவுண்ட்பார்ல விட்டேன். 500 ஹெர்ட்ஸ்... ‘‘கேக்குது.’’ 1,000... ‘‘கேக்குது.’’ 2,000... தலையைச் சாய்ச்சார். 4,000 வெச்சேன். அடுக்களைல இருந்து அம்மா, ‘‘காது கூசுது, நிறுத்துடா!’’னு கத்தறாங்க. எனக்குப் பல்லு கூசுது.

அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார், ‘‘நிறுத்திட்டயா கண்ணு?’’

கட்டம் போட்டேனே, அந்தப் பேப்பர்ல நாலாவது கட்டம்... காது. அதை மட்டும் நான் அளக்கவே இல்ல.

அந்த ஃபோன் கால்!

அடுத்த வாரம் கோயமுத்தூர்ல ஒரு காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். கண்ணாடி ரூம்ல உட்கார வெச்சு ஹெட்போன் மாட்டி டெஸ்ட் எடுத்தாங்க. கிராஃப்ல கோடு மெதுவா இறங்கி, 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல பள்ளத்துல விழுந்து, கொஞ்சம் மேல ஏறுச்சு. ரெண்டு காதுலயும் அதே பள்ளம். இரைச்சல்ல வேலை பார்க்கறவங்களுக்கு இப்படித்தான் ஆரம்பிக்கும்னு சொன்னார் டாக்டர். உள்காதுல இருக்கற நுண்ணிய முடிச் செல்கள் செத்துட்டா திரும்ப முளைக்காது. மருந்து கிடையாது.

‘‘அவருக்குச் சத்தம் கேட்கும், ஆனா வார்த்தை புரியாது’’னு அவர் சொன்னதுதான் எனக்கு உறைச்சுது. அ, ஆ, ஓ மாதிரி உயிர் எழுத்து எல்லாம் கனமான, தாழ்ந்த சத்தம். ச, த, ஸ, ப இதெல்லாம் உசந்த பக்கம். அது போயிட்டா, யாரோ பேசறாங்கனு தெரியும். ‘சாவி’யா, ‘தாவி’யானு தெரியாது. பாதி வார்த்தையை உதட்டைப் பார்த்தும், மீதியை ஊகத்துலயும் ஓட்டணும். ஆளு முன்னாடி இருந்தா சமாளிச்சுடலாம். ஃபோன்ல? பழைய ஃபோன் லைன் 300-ல இருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கடத்தும். மூணாவது செமஸ்டர்ல படிச்சது, எக்ஸாம்லகூட எழுதியிருக்கேன். உதட்டைப் பார்க்க வழியில்லாத இடத்துல, குரலும் அரைகுறைனா அப்பா என்ன பண்ணுவார்?

அப்பதான் அந்த நாள் ஞாபகம் வந்துச்சு.

ரெண்டாவது வருஷம். ரிசல்ட் வந்த அன்னிக்கு ஹாஸ்டல் மொட்டை மாடில இருந்து அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். பின்னாடி தறி ஓடிட்டு இருந்துச்சு. ‘‘ரெண்டு அரியர்ப்பா... என்னால முடியலைங்ப்பா. படிப்பை விட்டுட்டு வந்துடட்டுமா?’’னு அழுகையை அடக்கிட்டுக் கேட்டேன். அப்பா சொன்னார், ‘‘செரி செரி. நல்லது கண்ணு. சாப்ட்டயா?’’

வெச்சுட்டேன். ஆறு மாசம் அவர்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை. ‘இந்த மனுஷனுக்கு என் மேல அக்கறையே இல்ல, தறி ஓடினா போதும்’னு மனசுக்குள்ள திட்டியிருக்கேன். அவர் கேட்கறப்ப எல்லாம் ‘ம்’, ‘ஒண்ணுமில்ல’னு ரெண்டே வார்த்தைல முடிச்சிருக்கேன். அவரும் தலையாட்டிட்டுப் போயிருவார்.

எரர் மெசேஜ் வரலைனா எல்லாம் ஒழுங்கா இருக்குனு அர்த்தம் இல்ல ஃப்ரெண்ட்ஸ். ‘எனக்குக் கேட்கலை’னு சொல்ல ஒரு மனுஷனுக்கு எவ்வளவு கூச்சமா இருக்கும்னு எனக்குத் தெரியலை. டிவி சவுண்டை 40-ல வைக்கறதுக்கு அம்மா திட்டினப்பகூட, ‘‘படம் அப்படி எடுத்துருக்கறான்’’னுதான் சமாளிச்சார்.

ஷெட்டுக்குள்ள ஃபோன் ஆப்ல சத்தத்தை அளந்தேன். ஆப் துல்லியமா இருக்காதுதான். ஆனாலும் 94 டெசிபல் பக்கம் காட்டுச்சு. 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், அதுக்கு மேல ஏறுற ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகணும்கறது அமெரிக்காவோட நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கற கணக்கு. 94-க்கு ஒரே ஒரு மணி நேரம்! அப்பா பன்னெண்டு மணி நேரம் நிப்பார். இருபத்தாறு வருஷமா நிக்கறார். அந்தத் தறி ஓடினதுலதான் என் செமஸ்டர் ஃபீஸ் போச்சு. அவ்வளவு ஏன், இந்த சவுண்ட்பார் காசுல பாதியும்!

செட்டிங்ஸ் மாறியாச்சு

காதுக்கு மாட்டற மெஷின் இப்ப ட்ரையல்ல இருக்கு. ‘‘ஊருக்குள்ள கெழவன்னுருவாங்கடா’’னு முரண்டு பிடிச்சவர், பாதி நாள் அதைச் சட்டைப் பைலதான் வெச்சிருக்கார். தறிக்குப் போறப்ப ஃபோம் இயர்ப்ளக் வாங்கித் தந்தேன். ‘‘இத வெச்சுக்கிட்டா நூலு அறுந்தா எப்படிறா தெரியும்? எனக்குத் தறிச் சத்தம் மாறுறதுல தான தெரியும்’’னார். நியாயமான கேள்வி. என்கிட்ட பதில் இல்ல. ஒரு வாரம் கழிச்சு அவரே, ‘‘செரி, அடங்குன சத்தத்துலயும் தெரியுது’’னு போட ஆரம்பிச்சுட்டார். அம்மாவுக்கும் எனக்கும் டெஸ்ட் எடுத்தோம். ஷெட்டுக்கு வெளிய உட்கார்ந்து தார் சுத்தற அம்மாவுக்கு லேசா ஆரம்பம். எனக்கு இப்போதைக்கு நார்மல். டாக்டர் ஹெட்போன் வால்யூமைப் பத்திப் பத்து நிமிஷம் கிளாஸ் எடுத்துத்தான் விட்டார்!

சவுண்ட்பாரையும் புதுசா செட் பண்ணினேன். 5.1-ல வசனம் பெரும்பாலும் வர்றது நடு சேனல்ல. அதை மட்டும் நாலு புள்ளி ஏத்தினேன். ஊஃபரைப் பாதியாக் குறைச்சேன். கனமான சத்தம் வசனத்தை அமுக்கிடும். ‘நைட் மோட்’ போட்டா குண்டு வெடிக்கறதும் குசுகுசு பேச்சும் ஓரளவு சமமாகும். இப்ப டிவி வால்யூம் 40 இல்ல, 22. முழுசா புரியுதானு கேட்டா... இல்ல. ஆனா, அம்மாவும் அவரும் ஒரே சீரியலை ஒரே ரூம்ல உட்கார்ந்து பார்க்கறாங்க.

கேமுக்கும் ஒரு வழி கிடைச்சுது. ‘லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’-ல மாற்றுத்திறனாளிகளுக்காகவே 60-க்கும் மேல செட்டிங்ஸ் இருக்கு. காது கேட்காதவங்களுக்கு, திரைக்கு வெளிய இருந்து பேசறவன் எந்தப் பக்கம் நிக்கறான்னு சப்டைட்டில் பக்கத்துல ஒரு அம்புக்குறி காட்டும். எதிரி நம்மளைக் கவனிக்க ஆரம்பிச்சா அதுக்கும் ஒரு அடையாளம் வரும். இவ்வளவு நாள் அந்த மெனு பக்கமே போகாதவன் நான். எல்லாத்தையும் ‘ஆன்’ பண்ணேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அம்புக்குறிக்கு இங்கிலீஷ் எதுக்கு?

போன ஞாயித்துக்கிழமை கரண்ட் போய் வந்ததுல தறியை நிறுத்திட்டு வந்து பக்கத்துல உட்கார்ந்தார். நான் சுவத்தோரமா ஒளிஞ்சு முன்னாடியே பார்த்துட்டு இருந்தேன். திடீர்னு தொடையைத் தட்டினார்.

‘‘பின்னாடி! பின்னாடி ஒருத்தன் வாரான் பாரு!’’

திரும்பறதுக்குள்ள செத்துட்டேன். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். சிரிச்சு முடிச்சதும் கேமை நிறுத்தினேன். அவருக்கு நேரா திரும்பி உட்கார்ந்து, உதடு தெரியற மாதிரி, அந்த மொட்டை மாடி ஃபோன் காலை முழுசா சொன்னேன். ஒரு பேப்பரைக் கிளியர் பண்ணிட்டேன், ஒண்ணு இன்னும் பாக்கி இருக்குங்கறதையும் சேர்த்து.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் சொன்னார், ‘‘நீ ஏதோ ஏரியானு சொன்னயாட்ட இருந்துச்சு. சிநேகிதனுங்களோட ரெண்டு ஏரியா சுத்திப் பாத்துட்டு வந்தேங்கறயாட்டம்னு நெனச்சுப் போட்டேன்.’’

என்ன சொல்றதுனு தெரியாம முழிச்சேன்.

சட்டைப் பைல இருந்து மெஷினை எடுத்துக் காதுல மாட்டினார்.

‘‘அந்த இன்னொரு பேப்பரு... எப்ப பரீட்சை? மறுக்காச் சொல்லு.’’